கணக்கு முடியாது என்று சொன்னால்... கணித மேதை கான்டரோவிச்சின் வாழ்க்கை

கணியூரில் படித்து முடித்து வெளியே வந்த நம்மில் பலருக்குத் திருப்பூர்தான் சோறு போடுகிறது. சிலர் பனியன் கம்பெனியில் புரொடக்ஷன் பார்க்கிறோம். சிலர் ஸ்பின்னிங் மில்லில் மெயின்டெனன்ஸ். சிலர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பிளானிங். அடியேன் மூன்றாவது ரகம். எந்த ஆர்டர் எந்த லைனில் எந்தத் தேதியில் ஓட வேண்டும் என்று அட்டவணை போடுவது என் வேலை.

இந்த வேலையில் இருப்பவர்கள் வாரத்துக்கு ஒரு தடவையாவது பார்க்கும் சொல் ஒன்று உண்டு. அது 'இன்ஃபீசிபிள்'. நூல் வரும் தேதி, டையிங் கொள்ளளவு, பவர் டேபிள் எண்ணிக்கை, டெய்லர் எண்ணிக்கை, ஷிப்மென்ட் தேதி எல்லாவற்றையும் உள்ளே கொடுத்து ஓட்டினால், இத்தனையையும் ஒரே சமயத்தில் நிறைவேற்றும் திட்டம் கிடையவே கிடையாது என்று கம்ப்யூட்டர் கையை விரித்துவிடும். புதிதாகச் சேர்ந்தவர்கள் சாஃப்ட்வேர் கெட்டுப்போச்சு என்று நினைத்துக்கொள்வார்கள். மேனேஜர்களோ எப்படியாவது ஓட வை என்பார்கள்.

ஆனால் 'முடியாது' என்பதும் ஒரு விடைதான். பல நேரங்களில் அதுதான் மிகவும் பயனுள்ள விடை. இதை எனக்குப் புரிய வைத்தது ஒரு மனிதரின் வாழ்க்கை. அவர் பெயர் லியோனிட் விட்டாலியேவிச் கான்டரோவிச். ரஷ்யாவில் பிறந்து, உலகம் முழுவதும் தொழிற்சாலைத் திட்டமிடுதலுக்கு அஸ்திவாரம் போட்டவர்களில் ஒருவர். நம் பாடத்தில் ஆபரேஷன்ஸ் ரிசர்ச் படித்தோமே, அதில் வரும் லீனியர் புரோகிராமிங்கின் முதல் தந்தை என்று இவரைத் தாராளமாகச் சொல்லலாம். நம் பாடப் புத்தகங்களில் இவர் பெயர் ஒரு வரியில் வந்து போய்விடும். ஆகவேதான் இந்த மலரில் இவரைப் பற்றி எழுதலாம் என்று எண்ணினேன்.

இளமைப் பருவம்

கான்டரோவிச் 1912-ஆம் ஆண்டு ஜனவரி 19-ஆம் தேதி செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் பிறந்தார். தந்தையார் ஒரு டாக்டர். பையனுக்கு ஐந்து வயதானபோது ரஷ்யப் புரட்சி வந்தது. அடுத்து உள்நாட்டுப் போர். 1922-ல் தந்தையார் காலமாகிவிட, தாயார்தான் வளர்த்து ஆளாக்கினார்.

படிப்பில் சிறுவன் சூரன். 14 வயதில், அதாவது நம் ஊரில் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் வயதில், 1926-ல் லெனின்கிராட் பல்கலைக்கழகத்தில் கணிதம் படிக்கச் சேர்ந்துவிட்டார். 18 வயதில் பட்டம். 22 வயதில் பேராசிரியர். 1935-ல் அவருக்கு டாக்டர் பட்டம் கொடுத்தபோது தனியாக ஆய்வேடு எழுதிச் சமர்ப்பிக்கும்படி கூடக் கேட்கவில்லை. அதுவரை செய்திருந்த ஆராய்ச்சியே போதும் என்று விட்டுவிட்டார்கள். அந்த ஆராய்ச்சி முழுக்கத் தூய கணிதம். தொழிற்சாலைக்கும் அதற்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது.

எட்டு இயந்திரம், ஐந்து வகை மரம்

1938-ல் லெனின்கிராட்டில் உள்ள பிளைவுட் தொழில் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்திலிருந்து சில பொறியாளர்கள் பேராசிரியரைத் தேடி வந்தார்கள். அவர்களிடம் மரத்தை உரித்துத் தகடாக எடுக்கும் இயந்திரங்கள் எட்டு இருந்தன. மரத்தில் ஐந்து வகை. ஒவ்வொரு இயந்திரமும் ஒவ்வொரு வகை மரத்தை வெவ்வேறு வேகத்தில் உரிக்கும். தகடுகள் குறிப்பிட்ட விகிதத்தில் வேண்டும். எந்த மரத்தை எந்த இயந்திரத்துக்கு எவ்வளவு நேரம் கொடுத்தால் மொத்த உற்பத்தி அதிகமாகும்? இதுதான் கேள்வி.

கேட்பதற்கு மேஸ்திரி ஒருவர் அனுபவத்தில் சொல்லிவிடக்கூடிய விஷயம் போலத்தான் இருக்கும். உட்கார்ந்து கணக்குப் போட்டால்தான் தெரியும். பழைய முறையில் எல்லாச் சேர்க்கைகளையும் ஒவ்வொன்றாகப் பார்ப்பதென்றால், கோடிக்கணக்கான சமன்பாட்டுத் தொகுதிகளைத் தீர்க்க வேண்டியிருக்கும். கம்ப்யூட்டர் இல்லாத காலம் அது. கையால் போட்டால் ஆயுசு போதாது.

பேராசிரியர் இதை விடவில்லை. யோசித்துப் பார்த்ததில், இது பிளைவுட்டுக்கு மட்டும் உள்ள பிரச்சினை இல்லை என்பது அவருக்குப் புலப்பட்டது. இயந்திரங்களுக்கு வேலை பிரித்துக் கொடுப்பது, தகட்டையும் துணியையும் வீணாகாமல் வெட்டுவது, வயலில் எந்தப் பயிரை எங்கே வைப்பது, சரக்கை எந்த வழியில் அனுப்புவது என எல்லாமே உள்ளுக்குள் ஒரே கணக்கு. 1939-ல் 'உற்பத்தியை ஒழுங்குபடுத்தவும் திட்டமிடவும் கணித முறைகள்' என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு சிறு நூலை லெனின்கிராட் பல்கலைக்கழகம் வெளியிட்டது. இன்று உலகம் முழுவதும் தொழிற்சாலைகளில் ஓடும் பிளானிங் சாஃப்ட்வேர்களுக்கு அந்தச் சிறு நூல் ஒரு பாட்டனார்.

கேள்வியை மாற்றிய சாமர்த்தியம்

இங்கே அவர் செய்த ஒரு காரியத்தை நம்மைப் போன்றவர்கள் கூர்ந்து கவனிக்க வேண்டும். அந்நாட்டில் திட்டம் என்றால் மேலிடத்திலிருந்து ஒரு எண் வரும். இத்தனை டன், இத்தனை எண்ணிக்கை. அதை அப்படியே நிபந்தனையாக எழுதினால் கணக்குக்கு விடை இருக்கலாம், இல்லாமலும் போகலாம். கான்டரோவிச் அப்படி எழுதவில்லை. தேவைப்படும் விகிதத்தில் அதிகபட்சம் எத்தனை முழு செட் செய்ய முடியும் என்று கேட்டார். இப்படிக் கேட்டால் கணக்கு ஒருபோதும் கையை விரிக்காது. ஒன்றுமே செய்யாமலிருந்தால் பூஜ்யம் செட், அதுவும் ஒரு திட்டம்தான். அங்கிருந்து ஏறி உச்சி எதுவோ அதைச் சொல்லிவிடும். மேலிடம் கேட்ட எண் அந்த உச்சிக்கு மேலே இருந்தால், முடியாது என்பது மட்டுமல்ல, எவ்வளவு குறைகிறது என்பதும் தெரிந்துவிடும்.

நம் ஊர் உதாரணத்தில் பார்ப்போம். எண்களை எளிமைக்காக நானே வைத்துக்கொள்கிறேன். குழந்தைகள் பாபா சூட் ஆர்டர். ஒரு செட் என்றால் ஒரு மேல்சட்டை, ஒரு டிராயர். கம்பெனியில் இரண்டு லைன்கள். முதல் லைன் ஒரு நாளைக்கு 300 சட்டை தைக்கும், அல்லது 600 டிராயர் தைக்கும். இரண்டாவது லைன் எதைக் கொடுத்தாலும் நாளைக்கு 200 பீஸ்.

ஒவ்வொரு லைனும் தன் செட்டைத் தானே முடித்துக்கொள்ளட்டும் என்று விட்டால், முதல் லைனில் நாளைக்கு 200 செட், இரண்டாவதில் 100 செட், ஆக 300. ஆறு நாளில் 1,800 செட். இரண்டாவது லைனை முழுக்கச் சட்டைக்கே விட்டு, முதல் லைனில் 800 சட்டையும் 2,000 டிராயரும் ஓட்டினால் ஆறு நாளில் 2,000 செட் வரும். ஒரு பைசா செலவில்லாமல் 200 செட் கூடுதல். பிளைவுட்காரர்களுக்கு அவர் காட்டிக் கொடுத்தது இந்த வகை லாபத்தைத்தான்.

இப்போது பையர் 2,100 செட் கேட்கிறார். முடியுமா? கம்ப்யூட்டர் முடியாது என்கிறது. அதை முதலாளி நம்ப வேண்டுமே! இங்கேதான் கான்டரோவிச்சின் உண்மையான மேதைமை வருகிறது. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு மதிப்பெண் கொடுத்தார். அதற்குத் தீர்க்கும் பெருக்கிகள் என்று பொருள்படும் பெயர் வைத்தார். நம் கணக்கில் சட்டைக்கு 2 மதிப்பெண், டிராயருக்கு 1. ஒரு செட்டுக்கு 3. முதல் லைன் எதைத் தைத்தாலும் நாளைக்கு 600 மதிப்பெண்ணுக்கு மேல் சம்பாதிக்க முடியாது. இரண்டாவது லைன் அதிகபட்சம் 400. இரண்டும் சேர்ந்து நாளைக்கு 1,000, ஆறு நாளைக்கு 6,000. கேட்பதோ 2,100 செட், அதாவது 6,300 மதிப்பெண். எப்படிப் புரட்டிப் போட்டாலும் 300 குறைகிறது. முடியாது என்பதற்கு இதைவிட எளிமையான நிரூபணம் வேண்டுமா? சிகரெட் அட்டையின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டிவிடலாம்.

அதோடு நிற்கவில்லை. அந்த 300-ஐ எங்கிருந்து கொண்டு வரலாம் என்பதையும் அதே மதிப்பெண் சொல்லிவிடுகிறது. முதல் லைனை அரை நாள் கூடுதலாக ஓட்டினால் 300. இரண்டாவது லைன் என்றால் முக்கால் நாள். வெளியே ஜாப் ஒர்க்குக்கு 150 சட்டை கொடுத்தால் 300. எதுவும் வேண்டாமென்றால் 2,000 செட்டை இந்த வாரமும் மீதி 100-ஐ அடுத்த ஷிப்மென்ட்டிலும் அனுப்பப் பையரிடம் சம்மதம் வாங்க வேண்டும். எது மலிவு என்று பார்த்து முடிவெடுப்பது முதலாளியின் பொறுப்பு. அவர் கையில் ஒரு சரியான கேள்வியைக் கொடுப்பது பொறியாளனின் பொறுப்பு.

நிபந்தனைகளைத் தகுந்த எண்களால் பெருக்கிக் கூட்டி முரண்பாட்டைக் காட்டலாம் என்ற தத்துவத்தை 1902-லேயே ஹங்கேரியைச் சேர்ந்த ஃபார்க்காஷ் என்ற அறிஞர் நிரூபித்திருந்தார். அது கணித ஏடுகளுக்குள் இருந்தது. அதே வகை எண்ணங்களைத் தொழிற்சாலை வாசலுக்குக் கொண்டு வந்தவர் கான்டரோவிச்.

திட்டம் தப்பு என்று யார் சொல்வது?

அவர் வாழ்ந்த காலத்தை மறந்துவிடக் கூடாது. ஸ்டாலின் ஆட்சி. 1937-ல் எடுத்த மக்கள்தொகைக் கணக்கு மேலிடம் எதிர்பார்த்த எண்ணைத் தரவில்லை. கணக்கு ரத்து செய்யப்பட்டது. அதை நடத்திய புள்ளியியல் அதிகாரிகள் கைது செய்யப்பட்டார்கள். எண் பிடிக்கவில்லை என்றால் எண்ணைக் கொண்டு வந்தவனுக்குத் தண்டனை! அதற்கு அடுத்த வருடம்தான் பிளைவுட் பொறியாளர்கள் இவரிடம் வந்தது. அப்படிப்பட்ட நாட்டில் ஒரு இளைஞர், எந்தத் திட்டம் முடியும், எது முடியாது என்று கணக்குப் போடும் முறையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். அதன் ஆபத்து அவருக்குப் போகப் போகத்தான் முழுதாகத் தெரிந்தது.

1942-ல், உலகப் போர் உச்சத்தில் இருந்தபோது, தொழிற்சாலையைத் தாண்டி நாட்டின் மொத்தப் பொருளாதாரத்துக்கும் தம் முறையை விரித்து ஒரு நூல் எழுதி முடித்தார். திட்டக் குழுவுக்கும் அனுப்பினார். அங்கே அதை ஏற்கவில்லை. காரணம் கணிதத்தில் இல்லை. ஒரு பொருளின் மதிப்பு அதற்குச் செலவான உழைப்பில்தான் இருக்கிறது என்பது அங்கே அரசாங்கச் சித்தாந்தம். இவருடைய பெருக்கிகளோ, தட்டுப்பாடாக உள்ள இயந்திரத்துக்கும் நிலத்துக்கும் கூட ஒரு மதிப்பு உண்டு என்று சொல்லின. இது முதலாளித்துவ நாற்றம் அடிக்கிறது என்று சிலருக்குப் பட்டது. அந்தக் காலத்தில் அப்படிப் பட்டுவிட்டால் உயிருக்கே உலை. பொருளாதார ஆராய்ச்சியைச் சில வருடங்கள் ஒதுக்கி வைத்துவிட்டு அவர் கணிதத்துக்குத் திரும்பினார். அந்தக் கணிதத்துக்கு 1949-ல் ஸ்டாலின் பரிசே கிடைத்தது. ஒரு கையால் பரிசு, மறு கையால் நூலுக்குப் பூட்டு. 1942-ல் எழுதிய நூல் அச்சில் வந்தது 1959-ல். நடுவில் 17 வருடங்கள்!

ஏரியின் மேல் ரோடு

போர்க்காலத்தில் ஜெர்மானியப் படை லெனின்கிராட்டை முற்றுகையிட்டபோது, நகரத்துக்கு உணவு போக ஒரே வழி லடோகா ஏரி. குளிர்காலத்தில் ஏரி உறைந்ததும் அதன் மேல் லாரிகளை ஓட்டினார்கள். அந்தப் பாதைக்கு உயிர்ப்பாதை என்றே பெயர். ராணுவப் பொறியியல் கல்லூரியில் பணியாற்றி வந்த கான்டரோவிச், பனிக்கட்டியின் கனம், காற்றின் குளிர் இவற்றை வைத்து லாரிக்கும் லாரிக்கும் எவ்வளவு இடைவெளி வேண்டும் என்று கணக்கிட்டார். தாமே பனியின் மேல் லாரிகளுக்கு இடையே நடந்து போனார் என்றும் சொல்வார்கள்.

இந்த இடத்தில் நான் எப்போதும் ஒரு நிமிடம் நின்று யோசிப்பது உண்டு. நகரத்தில் மக்கள் பசியால் செத்துக்கொண்டிருக்கிறார்கள். இன்னும் நெருக்கமாக லாரியை விடு என்று நெருக்குதல் இல்லாமல் இருந்திருக்குமா? ஆனால் பனிக்கட்டி யார் உத்தரவுக்கும் பணியாது. தாங்கும் வரை தாங்கும், பிறகு உடையும். சில நிபந்தனைகள் மனிதர் போட்டவை, பேசிப் பார்க்கலாம். சில நிபந்தனைகள் பனிக்கட்டி மாதிரி.

கழிவு குறைந்தது, வம்பு வந்தது

போர் முடிந்த பிறகு, 1948-49 வாக்கில், லெனின்கிராட்டில் உள்ள யெகோரோவ் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் இரும்புத் தகடு வெட்டுவதற்கு கான்டரோவிச் முறையைப் பயன்படுத்தினார்கள். அவருடன் இந்த வேலையைச் செய்தவர் ஜல்கல்லர் என்ற கணித அறிஞர். நம் கட்டிங் டேபிளில் மார்க்கர் போடுகிறோமே, அதே வேலைதான். தகட்டில் வீணாகும் துண்டுகள் நன்றாகக் குறைந்தன.

சந்தோஷப்பட வேண்டியதுதானே? வம்பு வேறு திசையிலிருந்து வந்தது. ஒவ்வொரு தொழிற்சாலையும் உருக்காலைக்கு இவ்வளவு பழைய இரும்பு கொடுக்க வேண்டும் என்று இன்னொரு திட்டம் இருந்தது. கழிவு குறைந்ததால் அந்தத் தொழிற்சாலையால் பழைய இரும்புத் திட்டத்தை நிறைவேற்ற முடியவில்லை. நன்றாக வேலை செய்ததற்குக் குற்றச்சாட்டு!

சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் இதுதான் இன்ஃபீசிபிள் என்பதன் மிகச் சுத்தமான உதாரணம். தகட்டை மிச்சம் பிடி என்பது ஒரு நிபந்தனை. கழிவு இவ்வளவு கொடு என்பது இன்னொன்று. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுமே நியாயம். சேர்த்து வைத்தால் அடித்துக்கொள்கின்றன. தப்பு எந்த ஒன்றிலும் இல்லை, இரண்டையும் ஒரே காகிதத்தில் யாரும் எழுதிப் பார்க்காததில் இருக்கிறது. கட்டிங் வேஸ்ட்டைக் குறைக்கச் சொல்லிவிட்டு, பனியன் வேஸ்ட் விற்ற காசு ஏன் குறைந்தது என்று கேட்கும் முதலாளிகளை நாமும் பார்க்காமலா இருக்கிறோம்?

காலம் கடந்து வந்த மரியாதை

இதற்கிடையே அமெரிக்காவில், இவர் செய்ததை அறியாமலேயே, 1947-ல் ஜார்ஜ் டான்சிக் என்பவர் விமானப்படையின் திட்டமிடலுக்காக சிம்ப்ளெக்ஸ் முறையைக் கண்டுபிடித்தார். நாம் செமஸ்டர் தேர்வில் கட்டம் கட்டமாகப் போட்டது அதைத்தான். அதில் செயற்கை மாறிகளைச் சேர்த்து முதல் கட்டத்தில் அவற்றைப் பூஜ்யமாக்கப் பார்ப்போம், ஞாபகம் இருக்கிறதா? கடைசி வரை பூஜ்யமாகாமல் நின்றால் கணக்குக்கு விடை கிடையாது. பரீட்சையில் அதை ஒரு வரியில் எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டோம். தொழிற்சாலையில் வேலை ஆரம்பிப்பதே அந்த வரிக்குப் பிறகுதான்.

ஸ்டாலின் 1953-ல் இறந்த பிறகு ரஷ்யாவில் காற்று மாறியது. 1960-ல் கான்டரோவிச்சின் 1939-ஆம் வருட நூல் ஆங்கிலத்தில் வெளியானது. உலகப் போரில் நேச நாடுகளின் கப்பல் போக்குவரத்துக்கு இதே வகைக் கணக்குப் போட்டவரான கூப்மன்ஸ் என்ற அறிஞர் அதற்கு முயற்சி எடுத்துக்கொண்டார். அதே சமயத்தில் கான்டரோவிச் சைபீரியாவில் நோவோசிபிர்ஸ்க் நகரில் உருவாகிக்கொண்டிருந்த புதிய அறிவியல் மையத்துக்குக் குடிபெயர்ந்தார். 1964-ல் அறிவியல் அகாடமியின் முழு உறுப்பினர் ஆனார். 1965-ல் நெம்சினோவ், நோவோஜிலோவ் ஆகியோருடன் லெனின் பரிசு. 1971-ல் மாஸ்கோ. 1975-ல் கூப்மன்ஸுடன் சேர்ந்து பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு. தொழிற்சாலைக் கணக்கு ஒன்றில் ஆரம்பித்த பயணம் 37 வருடம் கழித்து அங்கே போய்ச் சேர்ந்தது. 1986 ஏப்ரல் 7-ஆம் தேதி மாஸ்கோவில் காலமானார். அதற்கு இரண்டு வருடம் முன்பு, 1984-ல், நம் நாட்டில் பிறந்த நரேந்திர கர்மார்க்கர் இதே கணக்குகளுக்கு ஒரு புதிய வேகமான வழியைக் கண்டுபிடித்தார் என்பது நமக்குப் பெருமை.

நம் ஊருக்கு என்ன பாடம்?

பெரியவர்களின் வாழ்க்கையைப் படித்துவிட்டுப் பெருமூச்சு விட்டால் மட்டும் போதாது. அவருடைய வாழ்க்கையிலிருந்து என் வேலைக்கு எடுத்துக்கொண்டதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

முதலாவது, கிடையாது என்பதும் கிடைக்கவில்லை என்பதும் ஒன்றல்ல. அரை மணி நேரம் தேடிவிட்டுத் திட்டம் அகப்படவில்லை என்று சாஃப்ட்வேர் நின்றால் அது நிரூபணம் ஆகாது. எந்த ஆர்டருக்குப் பின் எந்த ஆர்டர் என்ற வரிசைக் கணக்குகளில் மதிப்பெண் கூட்டல் மட்டும் எல்லாவற்றையும் காட்டிக் கொடுத்துவிடாது. ஆகவே எந்த வகை 'முடியாது' என்று முதலில் கேட்க வேண்டும். கூடவே டேட்டாவையும் பார்க்க வேண்டும். டஜன் என்று இருக்க வேண்டிய இடத்தில் பீஸ், மணி என்று இருக்க வேண்டிய இடத்தில் நிமிடம் என்று அடித்திருந்தால் எந்தக் கணக்கும் படுத்துவிடும்.

இரண்டாவது, சண்டை போடும் நிபந்தனைகளைக் கண்டுபிடிக்க வேண்டும். ஆயிரம் நிபந்தனை இருந்தாலும் அடித்துக்கொள்வது பெரும்பாலும் ஐந்தாறுதான். ஒரு நிபந்தனையை எடுத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். அப்போதும் முடியாது என்றே வந்தால் அதை ஓரமாக வைத்துவிடுங்கள். எடுத்ததும் வழி பிறந்தால் அதைத் திரும்ப உள்ளே போடுங்கள். எல்லாவற்றையும் இப்படிச் சலித்தால் கடைசியில் மிஞ்சுவது மோதலின் மூலக்கரு. அந்த நாலு வரியை எடுத்துக்கொண்டு போய் மெர்ச்சண்டைசர், டையிங் மாஸ்டர், லைன் சூபர்வைசர் மூவரையும் ஒரே மேஜையில் உட்கார வைத்தால் பாதி வேலை முடிந்தது.

மூன்றாவது, வளைந்து கொடுக்கக்கூடிய நிபந்தனைகளுக்கு விலை எழுத வேண்டும். ஓவர்டைம் ஒரு மணிக்கு இவ்வளவு, ஜாப் ஒர்க் பீஸுக்கு இவ்வளவு, ஒரு நாள் தாமதத்துக்கு இவ்வளவு, கப்பலுக்குப் பதில் விமானத்தில் அனுப்பினால் இவ்வளவு. அப்போது கணக்கு கையை விரிக்காமல், குறைந்த செலவில் எதை எவ்வளவு வளைப்பது என்று சொல்லும்.

நான்காவதுதான் மிக முக்கியம். எதை வளைக்கவே கூடாது என்பது. ஒரு கம்பெனியில், பெயர் வேண்டாம், கணக்கு முடியாது என்று வந்தபோதெல்லாம் லைன் திறனை 100-லிருந்து 110, 115 என்று ஏற்றிப் போட்டு ஓட வைப்பார்கள். ஸ்கிரீனில் எல்லாம் பச்சையாகிவிடும். மீட்டிங் சுபமாக முடியும். அந்த 15 எங்கே போனது? ராத்திரி ஒரு மணி வரைக்கும் பவர் டேபிளில் உட்கார்ந்திருக்கும் அக்காவின் முதுகில் போனது. தூக்கக் கலக்கத்தில் பீஸ் அடுக்கும் கைமடிப் பையனின் கண்ணில் போனது. கடைசியில் செக்கிங்கில் பீஸ் திரும்பி வந்து, சரக்கு விமானத்திலும் போனது. வாரத்துக்கு 48 மணி நேரம், அதற்கு மேல் இரட்டைச் சம்பளம் என்பது 1948-ஆம் வருடத் தொழிற்சாலைச் சட்டத்திலிருந்தே வரும் விதி. அதை எழுதாமல் விட்ட கணக்கு, பொய்க் கணக்கு.

இதையே நம் ஊர் பெரிய அளவில் பட்டுத் தெரிந்துகொண்டது. வருடக்கணக்காகத் திருப்பூரின் எந்த ஆர்டர் கணக்கிலும் நொய்யல் ஆறு ஒரு நிபந்தனையாக இருந்ததில்லை. சாயக்கழிவு ஆற்றில் போனது. பாசனத்துக்காக 1992-ல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணையில் சாயத் தண்ணீர் தேங்கியது. கீழே இருந்த விவசாயிகளின் கிணறும் தோட்டமும் கெட்டன. அதாவது, நம் அட்டவணையில் வராத குறையை அவர்கள் தங்கள் நிலத்தில் சுமந்தார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஒரே நாளில் ஊரின் மொத்த அட்டவணையும் இன்ஃபீசிபிள்! துணியை வெளியூருக்கும் வெளி மாநிலத்துக்கும் அனுப்பிச் சாயம் போட்டுக் கொண்டு வந்து, தேதி தவறி, ஆர்டர் இழந்து, பட்ட பாடு அந்தக் காலத்தில் இங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். பிறகு கழிவுநீரைச் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் முறைக்கு ஊர் மாறியது. டையிங் செலவு கூடியது உண்மை. ஆனால் அந்தச் செலவு புதிதாக வந்ததில்லை. அதுவரை வேறொருவர் கட்டிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

லடோகா ஏரியின் பனிக்கட்டியைப் போல ஆறும் ஒரு நிபந்தனை. டெய்லரின் உடம்பும் ஒரு நிபந்தனை. காகிதத்தில் எழுதாமல் விட்டால் இல்லாமல் போய்விடாது.

தம்பி தங்கைகளுக்கு

இப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளே! நாளைக்கு நீங்களும் ஏதோ ஒரு கம்பெனியில் பிளானிங் நாற்காலியில் உட்காருவீர்கள். கணக்கு முடியாது என்று சொல்லும். மேலே இருப்பவர் முடியணும் என்பார். அந்த நேரத்தில் எண்ணைத் திருத்துவது சுலபம். அதைச் செய்யாதீர்கள். எது எதோடு மோதுகிறது, எவ்வளவு குறைகிறது, அதை ஈடுகட்ட என்னென்ன வழி, ஒவ்வொன்றுக்கும் என்ன செலவு, அந்தச் செலவை யார் சுமப்பார் என்று ஒரு தாளில் எழுதி மேஜையில் வையுங்கள். திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள். கான்டரோவிச் உயிர் போகும் என்ற நிலையில்கூடத் தம் கணக்கைத் திருத்தி எழுதவில்லை. 17 வருடம் பெட்டியில் வைத்துக் காத்திருந்தார். நமக்கு வரும் ஆபத்து அதிகபட்சம் ஒரு மீட்டிங்கில் கொஞ்சம் சத்தம்.

லைப்ரரியில் ஆபரேஷன்ஸ் ரிசர்ச் புத்தகத்தை எடுத்தால், டூயாலிட்டி என்ற அத்தியாயத்தைத் தேர்வுக்கு வராது என்று தள்ளிவிடாமல் ஒரு முறை ஊன்றிப் படியுங்கள். அந்தப் பக்கங்களில் ஒரு பிளைவுட் ஆலையும், அதைத் தேடி வந்த பொறியாளர்களுக்கு மரியாதை கொடுத்து உட்கார வைத்துப் பதில் சொன்ன 26 வயதுப் பேராசிரியர் ஒருவரும் இருக்கிறார்கள்.